மோடம் போச்சு என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள், முதலில் கேபிளைப் பாருங்கள்

போன் லைன் வழியே டேட்டா அனுப்பும் பழைய எக்ஸ்டர்னல் மோடத்தைப் புதுக் கம்ப்யூட்டரில் இணைக்க, கடையில் "எல்லா மோடத்துக்கும் செட் ஆகும்" என்று சொல்லி ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டரையும் (யூஎஸ்பியில் சீரியல் போர்ட் தருவது) 9–25 பின் கேபிளையும் சேர்த்து விற்றார்கள். வேலை செய்யவில்லை என்று கேட்டால், "மோடம் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். மோடத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அடாப்டரின் சிப் பிஎல்2303 என்று அட்டையில் இருக்கிறது. உள்ளே இருப்பது போலி. விண்டோஸ் 10-இல் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" பிழையும் வரும். புதிய டிரைவர் போலிச் சிப்பை ஏற்காது. பழைய டிரைவரைப் போடச் சொல்வார்கள். ஓடும், ஆனால் விண்டோஸ் அப்டேட் அதை மறுபடி மாற்றிவிடக்கூடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று கேபிளில். டெர்மினலில் (மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அடிக்கும் புரோகிராம்) ஏடி என்று அடித்தால் மோடத்திடமிருந்து ஓகே வருகிறது, அதனால் எல்லாம் சரி என்றே தோன்றும். பெரிய ஃபைலை அனுப்பும்போதுதான் பாதியில் சிதறும். மல்டிமீட்டரை பீப்பில் (இரு முனைகளுக்கும் தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துப் பார்த்தால், உள்ளே மூன்றே கம்பி: அனுப்ப, வாங்க, கிரவுண்ட். போர்ட் 115200 வேகத்தில் கொட்டும்போது, போன் லைன் அதற்கு ஈடுகொடுக்காது. "கொஞ்சம் நிறுத்து" என்று மோடம் சொல்ல வேண்டிய சிடிஎஸ் கம்பியே இல்லை. கம்ப்யூட்டர் தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் கம்பியும் இல்லாததால் பல மோடம்கள் டயல் செய்யாது. டிடிஆரைக் கண்டுகொள்ளாதே என்று மோடத்துக்குச் சொல்லும் ஏடி&டி0 கட்டளையைக் கொடுத்து ஒப்பேற்றலாம்; ஆனால் புரோகிராமை மூடினாலும் லைன் துண்டிக்கப்படாமல் போன் பில் ஏறும்.

சரியான கேபிளில் 9 பின் பக்கத்திலிருந்து 25 பின் பக்கத்துக்கு இப்படி பீப் வர வேண்டும்: 2–3, 3–2, 5–7, 7–4, 8–5, 4–20, 6–6, 1–8. இதில் 2–2, 3–3 என்று வந்தால் அது நல் மோடம் கேபிள். இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கத்தான் அது, மோடத்துக்கு ஆகாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அடாப்டரைத் தனியாகச் சோதிக்க, அதன் 2, 3 பின்களை ஒரு கம்பியால் சேர்த்து, டெர்மினலில் ஃப்ளோ கன்ட்ரோலையும் (நிறுத்து, அனுப்பு என்ற கட்டுப்பாடு) லோக்கல் எக்கோவையும் (அடித்ததைத் தானே திரையில் காட்டுவது) அணைத்துவிட்டு எதையாவது அடியுங்கள். அடித்த எழுத்து திரையில் வந்தால் அடாப்டர் அனுப்பி வாங்குகிறது.

டிடிஎல் கேபிளை (சர்க்யூட் போர்டுகளில் நேரடியாக இணைக்கும் குறைந்த வோல்ட் கேபிள்) "சீரியல்தான்" என்று தந்தால் வாங்கவே வேண்டாம். அது 3.3 அல்லது 5 வோல்ட். மோடத்தின் ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்டின் தரம்) சிக்னல் மைனஸ் வோல்ட்டுக்கும் போகும், கேபிளின் சிப் கருகிவிடக்கூடும். பவர் அடாப்டரையும் மாற்றித் தருகிறார்கள். பல பழைய மோடம்களுக்கு ஏசி அவுட்புட் வேண்டும், அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள்.

மறுபடி மோடத்தைக் குறை சொன்னால், 8–5-இல் (சிடிஎஸ் கம்பி) பீப் வராததை அவர்கள் கண்ணெதிரே காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.