0.91 என்றால் வருத்தமா? மரபணு மாற்றங்களை எடைபோடும் ஐந்து கருவிகள்

வெள்ளவத்தையில் இருக்கும் மாமி, பேரப்பிள்ளையின் எக்ஸோம் ரிப்போர்ட்டை (புரதங்களுக்குக் குறிப்பு எழுதும் மரபணுப் பகுதிகளை வாசித்த சோதனை முடிவை) படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. கூடவே ஒரு குரல்பதிவு: “தம்பி, இதில அல்ஃபாமிஸ்சென்ஸ் 0.91 எண்டு போட்டிருக்கு. நூறுக்குத் தொண்ணூற்றொண்டு வருத்தம் இருக்கு எண்டுதானே அர்த்தம்?”

இல்லை மாமி. அந்த எண் ஒரு மரபணு மாற்றத்துக்குக் கணினிக் கருவி போட்ட புள்ளி. பிள்ளைக்குப் போட்டதல்ல. இதை அவவுக்கு விளக்கப்போய்த்தான் இந்தக் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

நம் ஒவ்வொருவரின் மரபுத்தொகுதியும் மாதிரித் தொகுதியிலிருந்து 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடுகிறது. அரிய நோய்க்குக் காரணம் பெரும்பாலும் அதில் ஒன்று அல்லது இரண்டு. மனிதக் கண்ணால் சலிக்க முடியாத இந்தக் குவியலைச் சலிக்கத்தான் இயந்திரக் கற்றல்.

முதலில் ரெவெல், அல்ஃபாமிஸ்சென்ஸ். இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை: புரதத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று வந்தால் அது கெடுதலா என்று சொல்வது. 2016 இல் வந்த ரெவெல், 13 பழைய கருவிகளின் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு எழுதும் நீதவான் மாதிரி. ஏற்கெனவே நோய்க்குக் காரணம் என்று அறியப்பட்ட மாற்றங்களிலிருந்து கற்றது. ஆகவே நன்கு ஆராயப்பட்ட மரபணுக்களில் கெட்டி. முன்னைய ஆய்வாளர் செய்த பிழைகளும் அதனுள் ஊறியிருக்கக்கூடும். 2023 இல் கூகிள் டீப்மைண்ட் வெளியிட்ட அல்ஃபாமிஸ்சென்ஸ் 7 கோடியே 10 இலட்சம் மாற்றங்களுக்குப் புள்ளி போட்டு, 89 வீதத்தை ‘கெடுதல்’ அல்லது ‘பாதகமில்லை’ என்று பிரித்தது. 0.564 ஐத் தாண்டினால் கெடுதல் பக்கம், 0.34 க்குக் கீழே பாதகமில்லை. நோய்ப்பட்டியலைப் படித்து அது கற்கவில்லை. மனிதரிலும் குரங்கினங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் மாற்றங்களை நல்லவை என்றும், காணப்படாதவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்றும் கொண்டு கற்றது.

கெட்டித்தனம்தான். ஆனால் எந்த மனிதரில்? பெரிய தரவுத்தொகுப்பான நோமாட்டின் நான்காம் பதிப்பில் 807,162 பேர். தென்னாசியர் அதில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்று தனிப் பிரிவு உண்டு, ஆனால் இரத்தம் எடுத்தது பிரித்தானியாவில். நம்மிடையே சாதாரணமாக ஓடும் ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரிய இடமுண்டு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், ரிப்போர்ட் எழுதுபவர் கையில் ரெவெலைத்தான் கொடுப்பேன். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு சாட்சிப் பலம் என்று 2022 இல் அளந்து வைத்திருக்கிறார்கள்: 0.644 இல் தொடங்கும் பலம், 0.932 க்கு மேல் வலுவான சாட்சியாகிறது.

இந்தப் போட்டியெல்லாம் நமது நாட்டின் தலசீமியாவுக்கு (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை இரத்த நோய்) முன்னால் கொஞ்சம் வேடிக்கையாகிவிடுகிறது. தலசீமியா இங்கே அவ்வளவு அரிதல்ல. ஆனாலும் கருவிகளைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. இலங்கையில் ஆக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம் ஐவிஎஸ் 1-5. ஹீமோகுளோபினின் ஒரு பாகத்தைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரோனில் (புரதம் செய்யுமுன் வெட்டி எறியப்படும் துண்டில்) ஐந்தாவது டிஎன்ஏ எழுத்து ஜி, சி ஆகிறது. அமினோ அமிலம் எதுவும் மாறவில்லை. அந்தத் துண்டை வெட்டி மிச்சத்தை ஒட்டும் இடம் குழம்புகிறது. ரெவெலிலும் அல்ஃபாமிஸ்சென்ஸிலும் இதற்குக் குறைந்த புள்ளிகூட இல்லை. அவற்றின் பட்டியலில் இந்த மாற்றத்துக்கு வரியே இல்லை.

இது மூன்றாவது கருவியான ஸ்ப்லைஸ்ஏஐயின் சொந்த ஊர். 2019 இல் இலுமினா நிறுவனத்தார் வெளியிட்ட அந்த நரம்பியல் வலை, ஓர் இடத்தின் இருபுறமும் 5,000 எழுத்துகள் வீதம் வாசித்து, வெட்டுமிடம் கெடுமா, புதிதாக முளைக்குமா என்று 0 முதல் 1 வரை சொல்லும். 0.2 தளர்வான எல்லை, 0.8 இறுக்கமான எல்லை, பொதுவாக 0.5.

அதே மரபணுவில் வரும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றம் இன்னும் குசும்பு. 26 ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறுகிறது. ஆகவே ரெவெல் போன்ற மிஸ்சென்ஸ் (அமினோ அமில மாற்றக்) கருவிகள் புள்ளி போடும். ஆனால் அதே எழுத்து மாற்றம் பக்கத்தில் ஒளிந்திருந்த போலி வெட்டுமிடம் ஒன்றை எழுப்பிவிடுகிறது. குளோபின் குறைவாக உருவாவதற்குக் காரணம் அதுதான். புரதத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கதையில் பாதிதான் தெரியும். தாயிடமிருந்து ஈயும் தந்தையிடமிருந்து ஐவிஎஸ் 1-5 உம் வந்த பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

நான்காவது, சிஏடிடி (2014). மரபுத்தொகுதியின் எல்லா இடத்துக்கும் புள்ளி போடும். 20 என்றால் கெடுதலில் முதல் 1 வீதத்துக்குள், 30 என்றால் முதல் 0.1 வீதத்துக்குள். எல்லாக் கடையிலும் ஏறி இறங்கும் ஆள். எந்தக் கடையிலும் முதலாளி அல்ல.

ஐந்தாவதான எக்ஸோமைசர் வேறு சாதி. மாற்றத்தின் புள்ளியோடு அது எவ்வளவு அபூர்வம், பரம்பரையில் எப்படி இறங்குகிறது, பிள்ளைக்கு என்ன அறிகுறிகள் என்பதையெல்லாம் சேர்த்து மரபணுக்களை வரிசைப்படுத்தும். மச்சாளைக் கட்டுவது வழக்கமாயிருந்த குடும்பங்களில் ஒரே மாற்றம் இரு பக்கத்தாலும் இறங்குவதை, வம்சாவளியைக் கொடுத்தால் கணக்கில் எடுக்கும். சொந்தக் கணினியிலேயே ஓடும், பிள்ளையின் தரவை வெளியே அனுப்பத் தேவையில்லை. குறை ஒன்று: அறிகுறிகளை அதன் கலைச்சொற்களில் கொடுக்க வேண்டும். “பிள்ளை பிந்தித்தான் நடந்தது” என்று அம்மா சொல்வதை யாரோ ஒருவர் கவனமாகக் கேட்டு மாற்றி எழுதாவிட்டால், எக்ஸோமைசரும் குருட்டு வாத்தியார்தான். என் வாக்கு இதற்கே.

மாமியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 0.91 வாங்கிய மாற்றம் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும்; நோய் வர இரண்டும் கெட வேண்டிய மரபணு. அதே மாற்றம் பிள்ளையின் தாய்க்கும் இருக்கிறது, அவ சுகமாகத்தான் திரிகிறா. அல்ஃபாமிஸ்சென்ஸுக்கு இதெல்லாம் தெரியாது, கேட்கவும் மாட்டாது. மற்றப் பிரதியில் வெட்டுமிட மாற்றம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன். பிள்ளை எப்ப தவழ்ந்தது, எப்ப நடந்தது, வலிப்பு வந்ததா, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகவும் சொன்னேன்.

அன்றிரவே மூன்று பக்கம் வந்தது. ரிப்போர்ட்டில் பிள்ளையைப் பற்றி இருந்ததோ ஒரே வரி.