பார்டோக்கைக் காட்டலாமா, நாமே எழுதலாமா? இசைக்குறிப்பு மென்பொருள் பாடங்களுக்கான உதாரணங்கள்

மியூஸ்ஸ்கோர், டோரிக்கோ, லில்லிபாண்ட் என்று எதைச் சொல்லிக்கொடுத்தாலும், அடிப்படையைத் தாண்டியதும் சிக்கல் தொடங்கும். க்ளஸ்டர் (ஒட்டிய சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது), குவார்ட்டர் டோன் (அரைச் சுரத்திலும் பாதி) அடையாளம், விசிறிபோல் விரியும் பீம் (சுரங்களை இணைக்கும் தடித்த கோடு; விரிந்தால் வேக மாற்றத்தைக் காட்டும்) இதெல்லாம் பீத்தோவனிடம் கிடைக்காது. போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியிடம் கொட்டிக்கிடக்கும், ஆனால் அவர் இறந்தது 2020இல். இந்தியாவில் 2080 முடியும்வரை, ஐரோப்பாவில் 2090 முடியும்வரை அவர் இசைக்குப் பதிப்புரிமை உண்டு.

இருப்பது நான்கு வழி: மேற்கோளாக எடுப்பது, அனுமதி வாங்குவது, உரிமைக்காலம் முடிந்ததைத் தேடுவது, சொந்தமாக எழுதுவது. மென்பொருள் பாடத்துக்குப் பெரும்பாலும் கடைசி வழிதான் சரிப்படும்.

மேற்கோள்

"எட்டு பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டம்) வரை எடுத்தால் பிரச்சினை இல்லை" என்று ஒரு பேச்சு உலவுகிறது. இந்தியச் சட்டத்திலும் அப்படி ஒரு எண் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்காவில் பார்ப்பது நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தை பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து. அளவு என்பது முழுப் படைப்போடு ஒப்பிட்டால்தான் தெரியும். இசையமைப்பாளர் வேபெர்னின் ஓபஸ் 11இல் (11ஆம் எண் படைப்பில்) மூன்றாவது துண்டின் மொத்த நீளமே 10 பார். அப்படி ஒன்றில் நான்கு பார் எடுத்தால் நாற்பது சதவீதம்.

அதைவிடப் பெரிய ஓட்டை நோக்கத்தில் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் கொடுக்கிறது. "இந்த ஸ்லரை (சுரங்களை இணைக்கும் வளைகோட்டை) எப்படித் தூக்கி வைப்பது" என்பது அந்த இசையைப் பற்றிய விமர்சனம் அல்ல. வேறு எந்த இசையை வைத்தும் அதைச் சொல்லியிருக்கலாம். வகுப்பறைக்கான விலக்கை நம்பி உலகத்துக்கே திறந்துவிட்ட வீடியோவைப் போடுவதும் பலவீனமான வாதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையோ, கற்பித்தல் விலக்கிலிருந்து இசைத்தாள்களை விலக்கிவைக்க உறுப்பு நாடுகளுக்கு வழிவிடுகிறது.

கட்டற்ற மென்பொருளின் கையேட்டுக்கு எழுதுபவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. லில்லிபாண்ட் கையேடு குனு ஆவண உரிமத்தில் வருகிறது. யாரும் மாற்றலாம், விற்கலாம். பிறருடைய மூன்று பாரை அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

அனுமதி

பாடமே அந்தப் படைப்பைப் பற்றியது என்றால் மட்டும் இந்த அலைச்சல் தகும். முதல் பக்கத்தின் அடியில் உள்ள உரிமை வரியில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும். பார் எண்கள், எந்தெந்தக் கருவிகள், இணையமா அச்சா, இலவசமா கட்டணமா, எத்தனை ஆண்டு, நாமே மறுபடி டைப் செட் செய்கிறோமா என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பி.டி.எஃப்.புக்குக் கிடைத்த அனுமதி, தரவிறக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கிடையே நோட்டைப் பரிமாறும் வடிவம்) கோப்புக்குச் செல்லாது; அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மேடையில் வாசிக்க வாங்கும் உரிமமும் நோட்டை அச்சிட உதவாது.

உரிமைக்காலம் முடிந்தவை

எந்த நாட்டில் முடிந்தது என்பதுதான் இங்கே கேள்வி. கூட்டல் எண்ணுள்ள தாளக்குறி சொல்லித்தர, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் என்ற பியானோ தொகுப்பின் 148ஆம் எண் அருமையான உதாரணம்: எட்டின் மேல் 4+2+3. பார்டோக் 1945இல் இறந்ததால் இந்தியாவில் 2006இலிருந்தும் ஐரோப்பாவில் 2016இலிருந்தும் உரிமைத் தடை இல்லை. ஆனால் நூல் அச்சானது 1940இல். அமெரிக்காவில் அச்சான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பதால் அங்கே 2035 முடியக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் நேர் எதிர். 1920களின் தொடக்கத்தில் அச்சான அவருடைய க்ளஸ்டர் துண்டுகள் அமெரிக்காவில் எல்லாருக்கும் பொது. 1965இல் இறந்ததால் ஜெர்மனியில் அதே 2035 முடியும்வரை பூட்டு.

இரண்டு பக்கமும் பொருந்துவது அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸின் பியானோ படைப்பான காங்கார்ட் சொனாட்டா. பெரும்பாலும் பார்களைப் பிரிக்கும் கோடே இல்லாத எழுத்து, பதினாலே முக்கால் அங்குல மரச்சட்டத்தால் அழுத்தும் க்ளஸ்டர் என்று மென்பொருளைத் திணறவைக்கும் எல்லாமும் அதில் உண்டு. ஐவ்ஸ் இறந்தது 1954இல், எனவே ஐரோப்பாவில் 2024 முடிந்ததோடு உரிமையும் முடிந்தது. எடுக்கவேண்டியது 1920 அச்சை. 1947இல் திருத்தி வந்த பதிப்பு அமெரிக்காவில் இன்னும் உரிமைக்குள் இருக்கிறது. எதையும் ஸ்கேன் செய்து ஒட்டாதீர்கள். இசை பழையதானாலும், பிரிட்டனில் அச்சுப் பக்கத்தின் அமைப்புக்கே 25 ஆண்டு உரிமை உண்டு.

சொந்த உதாரணம்

குறியீடுகள் யாருக்கும் சொந்தமல்ல. விசிறி பீமையும் பார்டோக் பிட்சிகாட்டோ வட்டத்தையும் (தந்தி பலகையில் அடிக்கும்படி சுண்டுவதற்கான குறி) தாராளமாகப் பயன்படுத்தலாம். இசைக்குறிகளுக்கான பிராவுரா எழுத்துருவும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

சொந்த உதாரணம் சொதப்புவது இரண்டு விதத்தில். தெரிந்த பத்தியை எடுத்துச் சுரங்களை மட்டும் மாற்றி, தாளத்தையும் அமைப்பையும் அப்படியே விடுவது ஒன்று. அது தழுவல் ஆகிவிடலாம். மற்றொன்று, உதாரணத்தை மிகவும் காலியாக எழுதுவது. வெறும் ஸ்டேவில் (ஐந்து கோட்டு வரிசையில்) ஒரு குவார்ட்டர் டோன் எப்போதும் அழகாகத்தான் நிற்கும். குறிகள் ஒன்றோடொன்று மோதினால்தானே பாடம்? இரண்டு ஸ்டேவில் நான்கு பார் போதும். முதல் பாரில் நாலுக்கு ஐந்து டியூப்லெட் (நான்கு சுரங்களின் நேரத்தில் ஐந்து), அதன் மேலேயே ஸ்லரும் வாசிப்புக் குறிப்பும். இரண்டாவதில் அடுத்தடுத்த சுரங்கள் நெருங்கிய கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), ஒவ்வொன்றுக்கும் ஷார்ப் அல்லது ஃப்ளாட் அடையாளம். மூன்றாவதில் தாளக்குறியை மறைத்துவிடுங்கள். நான்காவதில் விசிறி பீம். பல மென்பொருளில் அது வெறும் படம்தான், பிளே செய்தால் சமவேகத்திலேயே ஓடும். அதையும் பாடத்தில் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் கருவி வாசிப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். வயலினின் கீழ் ஜி தந்திக்கும் கீழே ஒரு சுரத்தை எழுதியிருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். பிறகு மூலக்கோப்பையும் சிசி0 உரிமத்தில் (எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பது) கூடவே வைத்துவிட்டால், படிப்பவர் திறந்து மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.