மூன்றாண்டுப் பனி: என் மகள் பயின்ற ஹாக்கி மன்றம் பற்றிய மதிப்பீடு

கோலாலம்பூரின் விளிம்பில் உள்ள ஒரு பேரங்காடியின் பனித்தளத்தில் இயங்கும் பனி ஹாக்கி மன்றத்தில் என் மகள் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி பெறுகிறாள். அவள் சேர்ந்தபோது சிறுவர் பிரிவில் 31 பிள்ளைகள் இருந்தார்கள். சென்ற மாதப் பயிற்சியில் 6 பேரே நின்றார்கள். மன்றத்தை நடத்துபவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுள் சிலர் இன்றும் கைக்காசைப் போட்டு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மன்றத்தின் பெயரையோ தளத்தின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால், எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலர் பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் கண்டதை முழுமையாக எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஹாக்கி புதிதன்று. செந்தூல் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த என் தந்தை திடல் ஹாக்கி ஆடியவர். 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியா நான்காம் இடத்தைப் பிடித்ததை நேற்று நடந்ததுபோல் இன்றும் சொல்வார். பேத்தியின் பனி ஹாக்கி மட்டையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடல் ஹாக்கியில் மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கென்று தனி மட்டையும் கிடையாது. பனி ஹாக்கியிலோ மட்டையின் இரு பக்கங்களாலும் ஆடலாம், இடப்பக்க ஆட்டத்துக்கும் வலப்பக்க ஆட்டத்துக்கும் வெவ்வேறு வளைவுள்ள மட்டைகள் உண்டு. "இது வேற விளையாட்டு பாப்பா, ஆனா நல்லா இருக்கு" என்றார். அதன் பிறகு அவர் தவறவிட்ட சனிக்கிழமைப் பயிற்சிகள் மிகக் குறைவு.

2017-ல் கோலாலம்பூரில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டியில்தான் பனி ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டங்கள் டாமான்சாராவில் உள்ள எம்பயர் சிட்டி தளத்தில் நடந்தன. அப்போது எழுந்த ஆர்வத்தில் தோன்றிய மன்றம்தான் இது. நோய்த்தொற்றுக் காலத்தில் தளம் மூடிக்கிடந்தபோதும் கலையாமல் நின்று, நாங்கள் சேர்ந்த ஆண்டில் தன் உச்சத்தில் இருந்தது.

அந்த முதல் ஆண்டுச் சேவையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேரங்காடி திறக்கும் முன்பே சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பயிற்சி, பொதுமக்கள் சறுக்கும் நேரம் முடிந்தபின் புதன்கிழமை இரவு ஒரு பயிற்சி. மாதக் கட்டணம் 280 ரிங்கிட். முதல் நான்கு வாரங்களுக்கு மட்டையைத் தொடவே விடவில்லை. விழுவது எப்படி, விழுந்தபின் கையைத் தளத்தில் விரிக்காமல் முழங்காலை ஊன்றி எழுவது எப்படி என்பதிலிருந்துதான் தொடங்கினார்கள். பக் என்னும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு ஏறக்குறைய 160 கிராம் எடை உள்ளது. நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் கண் முழுவதும் வட்டின் மேல் போய்விடும், முன்னால் வருகிற ஆளைப் பார்க்காது. இந்தப் பொறுமையைத்தான் நான் மிகவும் மதித்தேன்.

கருவிகளில் மன்றம் செய்த உதவி பெரியது. கம்பிவலை வைத்த தலைக்கவசம், தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கையுறை, திண்டு வைத்த கால்சட்டை, சறுக்குக் காலணி என்று முழுத் தொகுதியையும் புதிதாக வாங்கினால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கை கடிக்கும். பிள்ளையோ ஆண்டுக்கு ஓர் அளவு வளர்ந்துவிடும். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்றவற்றைக் கழுவி, உலர்த்தி, அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். காலணியைத் தீட்டுவதும் கட்டணத்துக்குள் அடக்கம். தீட்டுவது என்பது கத்தியைத் தீட்டுவது போன்றதன்று. அடித்தகட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு குழிவைக் கடைவார்கள். அதன் இரு ஓரங்களும் விளிம்புகளாக நிற்கும். குழிவு ஆழமானால் பனியை இறுகப் பிடிக்கும், ஆழம் குறைந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். துணைப் பயிற்றுநராக இருந்த தமிழ் இளைஞர் ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் பழக்கத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து அதற்கேற்பத் தீட்டுவார். கட்டணம் வாங்கித் தீட்டும் கடைகளில்கூட அத்தனை அக்கறையை நான் பார்க்கவில்லை.

இந்த மன்றத்தின் தளர்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காங்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிரூட்டப்பட்ட உப்புநீரோ கிளைக்கால் என்னும் எளிதில் உறையாத திரவத்தின் கலவையோ இடைவிடாமல் ஓடுகிறது. அதன் மேல் நிற்கும் பனியின் தடிமன் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். ஹாக்கிக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 5 பாகையில் இருந்தால் கெட்டியாக நிற்கும். பயிற்சிகளுக்கு இடையே ஓர் இயந்திரம் மேற்பரப்பைச் சீவி, வெந்நீரை மெல்லிய படலமாகப் பரப்பிச் செல்லும். வெந்நீர் மேலடுக்கைச் சற்று உருக்கி அதனோடு கலந்து உறைவதால் கீறல்கள் மறைந்து தளம் கண்ணாடியாகும். வெளியே 33 பாகை வெயிலும் ஈரக்காற்றும் இருக்கும் நம் ஊரில் இவை யாவும் இரவும் பகலும் மின்சாரத்தால் நடக்க வேண்டும். ஆகவே ஒரு மன்றத்தின் செலவில் பெரும்பகுதி பயிற்றுநருக்கோ கருவிக்கோ போவதில்லை. பனி நேரத்துக்கு வாடகையாகப் போகிறது. பிள்ளைகள் 31 பேர் என்றாலும் 6 பேர் என்றாலும் அந்த வாடகை ஒன்றுதான்.

தலைமைப் பயிற்றுநர் கனடாவில் படித்தவர். முதல் ஆண்டு இறுதி விருந்தில், தே தாரேக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கெனோரா திஸில்ஸ் என்ற பழைய பனி ஹாக்கி அணியின் கதையை அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் கெனோரா. கீவாட்டின், நார்மன், ராட் போர்ட்டேஜ் என்னும் மூன்று இடப்பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 1905-ல் அதற்கு அந்தப் பெயர் ஆயிற்று. பனி ஹாக்கியின் புகழ்பெற்ற பரிசான ஸ்டான்லி கோப்பை அந்நாளில் ஒரு சவால் கோப்பை. தகுதி பெற்ற எந்த மன்றமும் கோப்பையை வைத்திருப்பவரை ஆட்டத்துக்கு அழைக்கலாம். கெனோரா அணியினர் 1903-ல் ஒட்டாவா அணியிடம் தோற்றனர். 1905-ல் முதல் ஆட்டத்தை 9-3 என்று வென்றும் அடுத்த இரண்டில் தோற்றனர். 1907 சனவரியில் மொன்றியால் நகருக்கே சென்று வாண்டரர்ஸ் அணியை 4-2, 8-6 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தனர். முதல் ஆட்டத்தின் நான்கு கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டாமி பிலிப்ஸ். அவரும் அவருடைய அணியினரான ஹூப்பரும் மெக்கிம்சியும் கிரிஃபிஸும் அந்த ஊரிலேயே ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள். ஸ்டான்லி கோப்பையை வென்ற ஊர்களில் அதைவிடச் சிறிய ஊர் இன்றுவரை இல்லை.

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். என் மகள் அன்றிரவே தன் தலைக்கவசத்தில் ஒரு திஸில் பூவை வரைந்துகொண்டாள். பயிற்றுநர் அன்று கதையின் முதற்பாதியை மட்டும்தான் சொன்னார். மறுபாதியை இரண்டாம் ஆண்டில் நாங்கள் கண்ணெதிரே கண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் மன்றம் பெரியவர்களுக்கான போட்டி அணி ஒன்றை அமைத்தது. உள்ளூர்த் தொடர் ஒன்றில் வெல்ல வேண்டும் என்ற ஆசை எழுந்தது. அந்த ஆசையில் தவறில்லை. அணிக்கு ஆள் போதாமல், இங்கே வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கட்டணம் இல்லாமலும் பின்னர்ப் பயணச் செலவு கொடுத்தும் சேர்த்தார்கள். அவர்கள் நன்றாகவே ஆடினார்கள், அணி கோப்பையும் வென்றது. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி நேரம் வேண்டியிருந்தது. புதன்கிழமை இரவு சிறுவர்களிடமிருந்து போயிற்று. அதற்கு மாற்றாகக் கொடுத்த ஞாயிறு இரவு பத்து மணி, மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு உதவாது. கட்டணம் 280-லிருந்து 350 ரிங்கிட் ஆயிற்று. காரணத்தைக் கேட்டு நாங்கள் அனுப்பிய செய்திகளுக்கு மூன்று வாரம் பதில் இல்லை. வந்த பதிலிலும் கணக்கு இல்லை. அந்த ஆண்டில் 12 பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்களுள் கோல்காவலராகப் பயின்ற ஒரே சிறுவனும் இருந்தான்.

அடுத்த ஆண்டில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேலை ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். பெரியவர் அணி கலைந்தது. அதற்காக எடுத்த பனி நேரத்தின் கடன் மட்டும் மன்றத்தின் தலையில் நின்றது. துணைப் பயிற்றுநரும் வேறு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அவருடைய குறிப்பேட்டோடு காலணி தீட்டும் சேவையும் போயிற்று.

கெனோராவும் அப்படித்தான் சரிந்தது. 1907-ல் வெற்றிபெற்ற அந்தத் தொடருக்கே பிராண்டன் ஊரிலிருந்து ஆர்ட் ராஸை வரவழைத்திருந்தார்கள், பின்னாளில் என்.எச்.எல். என்னும் வட அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு வழங்கும் விருது அவர் பெயரைத்தான் தாங்குகிறது. மார்ச் மாதம் வாண்டரர்ஸ் மறுசவால் விடுத்தபோது மெக்கிம்சி காயப்பட்டிருந்தார், ஒட்டாவாவிலிருந்து இருவரைச் சேர்த்தார்கள், அதைப் பற்றிய வழக்காடலிலேயே நாட்கள் கழிந்தன. வின்னிப்பெக்கில் நடந்த இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 12-8 என்று தோற்றார்கள். சனவரியில் அவர்கள் வென்றதும் அதே 12-8 தான். கோப்பை அவர்களிடம் இருந்தது ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள் மேல்நிலை ஹாக்கி சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமாக மாறிவிட்டது. பெருநகரங்கள் கொடுத்த பணத்தை அச்சிற்றூரால் கொடுக்க முடியவில்லை. பிலிப்ஸ் ஒட்டாவா அணிக்குச் சென்றார், மற்றவர்களும் பிரிந்தார்கள். அடுத்த பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்துடன் கெனோரா தொடரிலிருந்து விலகியது. இத்தனைக்கும் அவ்வூரில் பனிக்குப் பஞ்சமில்லை, குளிர்காலமே அதை இலவசமாகக் கொடுத்தது. எங்கள் மன்றமோ பனியையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு அதே வழியில் நடந்தது என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு குறையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், எதிரணியினரின் காலணித் தகடு கழுத்தில் வெட்டியதால் உயிரிழந்தார். அதன் பிறகு பன்னாட்டுப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகள் அனைத்திலும் கழுத்துக்காப்பைக் கட்டாயமாக்கியது. மன்றம் கடன் கொடுக்கும் கருவித் தொகுதியில் இன்றுவரை கழுத்துக்காப்பு இல்லை. இருமுறை எழுதிக் கேட்டும் சேர்க்கவில்லை. பிள்ளையை இங்கே சேர்க்க நினைப்பவர்கள் முதல் நாளே சொந்தமாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்; இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போதைய நிலையைச் சொல்கிறேன். சறுக்கவும் அடிப்படை ஆட்டத்தையும் கற்க ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது இன்னும் நல்ல இடம். ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது முன்பு கிடைக்காத கவனிப்பு. போட்டிகளில் ஆட விரும்பும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இங்கே ஒன்றும் இல்லை. ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மூன்று மாதத் தவணையைக் கேளுங்கள். இப்போது கேட்டால் கொடுக்கிறார்கள். சனிக்கிழமை நேரம் சிறுவருக்கே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்ற சனிக்கிழமை தளத்தின் மூன்றில் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரித்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். கோல்காவலரோடு சேர்த்துப் பனி ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஆகவே ஒரு முழு அணி அங்கே இருந்தது, எதிரணிதான் இல்லை. மூவர் மூவராகப் பிரித்துவிட்டு, தலைமைப் பயிற்றுநரே காப்புகளை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். என் மகள் அவரைத் தாண்டி இரண்டு கோல் அடித்தாள். தடுப்புக் கண்ணாடிக்கு இப்பால் நின்ற என் தந்தை ஈரத்தில் மூடிய கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மூன்று மாதக் கட்டணத்தை அன்றே கட்டிவிட்டு வந்தேன்.