வாயேஜர் உதிரிப்பாகம் என்ற பெயரில் 2,850 டாலர் பறிபோனது: வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் படிக்கவும்

விண்வெளிப் பொருட்களைச் சேகரிக்கும் நண்பர்களுக்காக இதை அவசரமாக எழுதுகிறேன். பழைய விண்வெளிப் பொருட்களை ஏலம் விடும் ஓர் இணையத் தளத்தில், தெற்குக் கலிபோர்னியாவில் உபரிப் பொருள் வியாபாரம் செய்யும் ஒரு கடைக்காரரிடமிருந்து, 'வாயேஜர் விண்கலத்துக்காகச் செய்யப்பட்டு, பறக்காமல் மிஞ்சிய மாற்றுப் பலகை' என்று விவரிக்கப்பட்டிருந்த ஒரு சர்க்யூட் போர்டை 2,850 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்த பொருளுக்கும், வெளிக் கோள்களை ஆராய நாசா அனுப்பிய வாயேஜர் 1, 2 கலங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்காது என்று நேற்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

நான் இருப்பதும் கலிபோர்னியாதான் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினேன். அந்தப் பேச்சில்தான் முழு நம்பிக்கை வந்தது, ஏனென்றால் மனிதர் விஷயம் தெரிந்தவராக இருந்தார். சோதனையில் ஒரு பாகம் பழுதானால் உடனே மாற்றுவதற்காக எந்த விண்கலத் திட்டத்திலும் கூடுதலாகச் சில பாகங்களைச் செய்து வைப்பார்கள் என்றும், அவை வீணாகாமல் அடுத்த திட்டங்களுக்குப் போகும் என்றும் பொறுமையாக விளக்கினார். 1989இல் வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்ட மகெல்லனின் 3.7 மீட்டர் ஆன்டெனாவும் பத்துப் பக்கச் சட்டகமும் வாயேஜரிலிருந்து மிஞ்சியவை என்றார். சனிக் கோளைச் சுற்றிவந்த காசினி விண்கலத்தின் அகலக்கோணக் கேமராவுக்கும், வால்மீன் தூசு எடுத்துவரப் போன ஸ்டார்டஸ்டின் வழிகாட்டிக் கேமராவுக்கும் வாயேஜரின் மிச்ச லென்ஸ்களே பயன்பட்டன என்றார். 2006இல் புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸின் அணுமின்கலம் காசினிக்காகச் செய்து வைத்திருந்த உபரி என்றும், வியாழனுக்குப் போன பயனியர் 10, 11 விண்கலங்களின் பறக்காத மூன்றாவது சகோதரக் கலம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய் இருந்தது அவர் விற்ற பலகையில் மட்டும்தான்.

முடிக்கும்போது, நிலவிலேயே நிற்கும் சோவியத்தின் லூனாகோட் ஊர்தி ஒன்று 1993இல் நியூயார்க் ஏலத்தில் 68,500 டாலருக்குப் போனதை நினைவுபடுத்தி, "தொடக்கூட முடியாத பொருளுக்கே அந்த விலை என்றால், கையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளுக்கு 2,850 டாலர் ஒரு விலையா, சொல்லுங்கள்" என்று கேட்டார். நல்ல உதிரிகள் எல்லாம் மீண்டும் பறந்துவிட்டன, அல்லது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன என்றால், இவருடைய கடைக்கு வந்து சேர்ந்தது எது? அவர் சொன்ன கதையே அவருக்கு எதிரான சாட்சி என்று இப்போது தோன்றுகிறது.

பொட்டலத்தைப் பிரித்ததும் கயிற்றில் கட்டிய பழுப்பேறிய அட்டை ஒன்று முதலில் வந்தது. அதில் 'வாயேஜர், பறப்புத் தரம்' என்று அச்சிட்டிருந்தது. ஈர விரல் பட்டவுடன் அந்த எழுத்து நீலமாகக் கலைந்தது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டது. பலகையில் இருந்தவை சாதாரணக் கருப்புப் பிளாஸ்டிக் சிப்கள். அந்தக் காலத்து விண்கலங்களில் காற்றுப் புகாதபடி மூடிய பீங்கான் அல்லது உலோக உறை கொண்ட சிப்களையே பொருத்துவார்கள், முழுப் பலகைக்கும் மேலே காப்புப் பூச்சு ஒன்றும் பூசுவார்கள். இதில் அப்படி ஒரு பூச்சே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ஒரு சிப்பின் முதுகில் 8423 என்ற எண் தெரிந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். அதாவது 1984 ஜூன் மாதத் தொடக்கம். வாயேஜர் 2 புறப்பட்டது 1977 ஆகஸ்ட் 20, வாயேஜர் 1 புறப்பட்டது செப்டம்பர் 5. அந்தச் சிப் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது வாயேஜர் 1 சனியைத் தாண்டியே மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

படம் எடுத்து அனுப்பியதும் கடைக்காரரின் குரலே மாறிவிட்டது. முதலில், அந்தச் சிப்பைப் பிற்காலத்தில் யாரோ மாற்றியிருக்கலாம் என்றார். மற்ற சிப்களிலும் 83, 84 என்றே இருப்பதைக் காட்டியவுடன், அப்படியானால் அது மகெல்லனுக்கான தரைச் சோதனைப் பலகையாக இருக்கும், அதுவும் அரிய பொருள்தானே என்றார். வாயேஜர் என்று சொல்லித்தானே 2,850 டாலர் வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அதன் பிறகு அழைப்பையும் எடுப்பதில்லை. ஏலத் தளமோ, பொருள் விவரிப்பு விற்பவரின் கருத்து மட்டுமே, அங்கீகாரம் பெற்ற நிபுணரின் சான்றிதழ் இருந்தால் பரிசீலிப்போம் என்று எழுதியது. யார் அங்கீகரித்த நிபுணர் என்று கேட்டேன். புகார் தானாகவே முடித்துவைக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. கிரெடிட் கார்டு நிறுவனம் சொன்னது இன்னும் அழகு: நீங்கள் சர்க்யூட் போர்டு வாங்கினீர்கள், சர்க்யூட் போர்டு வந்திருக்கிறது. ஆக 2,850 டாலருக்கு என்னிடம் இருப்பது ஏதோ ஒரு தொழிற்சாலைக் கருவியின் பலகை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. சிப்களின் தேதி எண் தெளிவாகத் தெரியும் படம் கேட்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவரே கையெழுத்துப் போட்ட 'உண்மைச் சான்றிதழ்' வெறும் காகிதம். நாசா போன்ற அமெரிக்க அரசு அமைப்புகளின் உபரிப் பொருட்கள் முதலில் பிற அரசுத் துறைகளுக்கும், பிறகு பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கும் காட்டப்பட்டு, யாருக்கும் வேண்டாதவைதான் விற்பனைக்கு வருகின்றன. அந்த விற்பனையின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒன்று: உண்மையான விண்கலப் பாகத்தை அமெரிக்காவை விட்டு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். அந்தப் பேச்சையே எடுக்காமல் 'உலகெங்கும் இலவச டெலிவரி' என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்று காலை அதே கடை அதே தளத்தில் இன்னொரு 'வாயேஜர்' பலகையை ஏலத்துக்கு வைத்திருக்கிறது, அதே பழுப்பு அட்டையோடு. படத்தில் சிப்களின் மேல் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்படி பார்த்து எடுத்திருக்கிறார்கள். எண் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஏலம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. யாரும் விலை கேட்டுவிடாதீர்கள்.