வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து நாய் பழக்கும் சேவை: எங்கள் ஜிம்மிக்கு எது உதவியது

தொடர்மாடியில் நாய் வளர்ப்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வந்து நாயின் நடத்தையைக் கவனித்துப் பழக்குகிற நல்ல ஆள் கிடைத்தால் கொடுக்கிற காசு வீண் போகாது, ஆனால் வருகிறவர் எந்த முறையில் பழக்குகிறார் என்று கேட்காமல் கூப்பிடாதீர்கள். எங்கள் ஜிம்மி தெருவில் இருந்து எடுத்து வளர்த்தவன். சீனவெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவான், சாப்பாட்டைத் தொடமாட்டான். சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு, நடுவில் கிரிக்கெட்டில் வென்றால் அதற்கும் வெடி. அதோடு லிஃப்ட்டுக்குள் யாராவது ஏறினால் உறுமல்.

முதலில் வந்தவர் கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வந்தார். ‘நீங்கள்தான் தலைவர் என்று காட்ட வேண்டும், ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தான்’ என்று சொல்லி ஜிம்மியைப் புரட்டி மல்லாக்காகப் பிடித்தார். அவரை அன்றோடு நிறுத்திவிட்டோம், ஆனால் அதற்குப் பிறகு வாசல் மணி அடித்தாலே ஜிம்மி ஒளிந்துகொள்ளத் தொடங்கினான். இந்த ஓநாய்க் கதைக்கு மூலம் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடோல்ஃப் ஷென்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். விலகிப் போக இடமில்லாத இடத்தில் சண்டை கூடத்தான் செய்யும். காட்டு ஓநாய்களின் பின்னால் பல வருடம் அலைந்த டேவிட் மெக், காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள்தான் என்று 1999இல் விளக்கமாக எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழைய கதையை வைத்து வாயில்லாத பிராணியை அமுக்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

அப்புறம் தெஹிவளையில் இருந்து ஒரு அக்கா வந்தார். வந்தவுடன் ஜிம்மியைத் தொடவே இல்லை, தரையில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ‘முதல்ல கொஞ்ச நேரம் பார்ப்பம்’ என்றார். எப்போது உறுமுகிறான், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, உறுமினதும் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முன்னால் வரும் அடையாளங்கள் என்று காட்டித் தந்தார். ‘இவன் கோபத்தில உறுமேல்ல, பயத்தில உறுமுறான், லிஃப்ட்டுக்குள்ள அவனுக்குப் போக வழியில்லை.’ ஆட்கள் இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்கு நிற்பது, ஏறினால் மூலையில் எங்கள் காலுக்குப் பின்னால் அவனை விடுவது, இவ்வளவுதான் மாற்றம். உறுமல் இப்போது அரிதாகத்தான் வருகிறது.

வெடிப் பயத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. ஃபோனில் வெடிச் சத்தத்தைப் பதிந்து, அவன் காது மட்டும் அசைகிற அளவுக்கு மெதுவாகப் போட்டு, உடனே ஒரு துண்டு கோழி இறைச்சி. முதலில் சத்தம், பிறகு இறைச்சி. மாறிப் போனால் இறைச்சியைக் கண்டாலே வெடி வரப்போகிறது என்று பயப்படுவான். சாப்பிட மறுத்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அம்மாவுக்கு இது விளங்கவில்லை, அக்கா மெட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவைச் சொன்னார். பீத்தோவனின் அந்த மெட்டு காலி வீதியில் கேட்கும்போதே எங்கள் லேன் நாய்கள் எழுந்து நிற்கும், மெட்டுக்குப் பின்னால் பாண் வரும் என்று அவற்றுக்குத் தெரியும். ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் தன் நாய்களிடம் கண்டதும் இதே இணைப்புத்தான். பயத்தை இப்படி மாற்றலாம் என்று உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இலேயே எழுதியிருக்கிறார்: முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சின்னப் பையனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்தபடி முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டு வந்தார்.

நடுங்கும்போது தடவினால் பயம் கூடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது சரியில்லை, அவன் கிட்ட வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள் என்றார் அக்கா. நான் நிம்மதியான இடம் அது.

குறைகளும் உண்டு. ஒரு தடவைக்கு 6000 ரூபா, எல்லோராலும் முடியாது. எழுதித் தரும் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும்தான், அம்மாவுக்கு நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இடிமுழக்கத்துக்கு இந்த முறை அவ்வளவு பலிக்கவில்லை, மின்னலும் காற்றும் அதிர்வும் ஃபோனில் வராதே. அதற்கு மருந்து தேவைப்படலாம் என்று தானே மிருக வைத்தியரிடம் அனுப்பினார், ‘முழுக்கச் சுகமாக்குவேன்’ என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே திரும்பக் கூப்பிடுவேன்.

இந்தச் சித்திரைக்கு ஜிம்மி நடுங்கினான்தான், ஆனால் கட்டிலுக்கு அடியில் போகாமல் என் பக்கத்தில் படுத்து இறைச்சியைச் சாப்பிட்டான். அடுத்த வெடிக் காலத்துக்கு யாரையாவது கூப்பிட நினைத்தால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள், கடைசி வாரத்தில் செய்ய அதிகம் இல்லை. ஃபோனில் பேசும்போதே சங்கிலி பாவிப்பீர்களா என்று கேளுங்கள், ஆம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.