எச்சம் பார்த்த ஒன்றரை வருடம்

2024 ஜூனில் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு காக்டெயில் (cockatiel) குஞ்சு வாங்கினோம், கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, முன்னறை ஜன்னலோரம் கூண்டு. வந்த அன்றே அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிவிட்டார்: "பூஜை ரூம் பக்கம் எச்சம் விழுந்துச்சு, அதுவும் வெளிய, நீயும் வெளிய." ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறோம். அதன் எச்சத்தைப் பற்றி இன்று என்னைவிட அதிகம் தெரிந்தவர் அத்தைதான்.

அத்தை பிறந்தது நெல்லிக்குப்பம் பக்கம். சின்ன வயதில் அவர்கள் தாழ்வாரத்தில் ஒரு பச்சைக்கிளி இருந்ததாம். "அது எங்க போட்டுச்சு, என்ன கலர்ல போட்டுச்சுன்னு யாரு பாத்தா? மண்ணுத் தரை, கோழி கிளறிட்டுப் போயிடும்." இன்று பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர் கூண்டுக்கும் அதே சட்டம்தான். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. சன் கனூர் என்ற வெளிநாட்டுக் கிளியை வாங்க நினைப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2024இல் அதற்கென்று விதிகள் வந்துவிட்டன.

கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, குஞ்சு தானாகவே தின்னும். இரண்டு, அது பெண். இரண்டுமே தப்பு. எட்டு வாரக் குஞ்சு. தானியத்தைக் கொத்தி விளையாடியதே தவிர உள்ளே ஒன்றும் போகவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. இன்னும் பத்து நாள் காலையும் இரவும் கைக்கூழ் ஊட்டினோம். அந்த நாட்களில் எச்சம் பெரிதாக, நீர்த்து, கொழகொழவென்று விழும். பேதியோ என்று பயந்தேன். கூழ் குடிக்கிற குஞ்சுக்கு அப்படித்தான் இருக்கும், தானியத்துக்கு மாறியதும் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

எச்சத்தில் மூன்று பாகம் உண்டு. பச்சையாகவோ பழுப்பாகவோ புழு மாதிரி சுருண்டிருப்பது மலம். அதன்மேல் தயிர் தெளித்தது போன்ற வெள்ளை, யூரிக் அமிலம். சுற்றிக் காகிதத்தில் ஊறியிருக்கும் தண்ணீர், சிறுநீர். பறவைக்குச் சிறுநீர்ப்பை கிடையாது, எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வரும். பறக்கிற உடம்பு சுமை தாங்காது, அதனால் சேர்த்து வைக்காமல் அப்போதைக்கப்போது போட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வெட்டி இல்லாமல் எண்ணினேன்: விடிந்ததிலிருந்து அடையும் வரை 41 முறை. பயப்பட வேண்டாம், அத்தனையும் சுண்டு விரல் நகம் அளவுதான். ஆரோக்கியமான எச்சத்தில் நாற்றமும் அநேகமாக இருக்காது. காலையில் முதலில் போடுவது மட்டும் பெரியது, ராத்திரி முழுக்க அடக்கி வைத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை கூண்டுக் காகிதம் முழுக்கச் சிவப்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். அவர் போட்டோவை ஒரு வினாடி பார்த்துவிட்டு, "நேத்து பீட்ரூட் குடுத்தீங்களா?" என்றார். கொடுத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் பழைய நிறம் வந்துவிட்டது. அன்று அவர் சொன்னதை வைத்துத்தான் இன்றுவரை பார்க்கிறேன். மலத்தின் நிறம் தின்றதைப் பொறுத்து மாறும், முருங்கைக்கீரை தின்றால் கரும்பச்சை, கேரட் தின்றால் ஆரஞ்சு. வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலில் கோளாறு இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. தார் மாதிரி கறுப்பு, எச்சத்தில் முழுத் தானியம், இரண்டும் அதே கணக்கு. வெள்ளரிக்காய் தின்ற பிறகோ, ஆட்டோவில் போய் வந்த பிறகோ தண்ணீர் மட்டும் அதிகமாக இருந்தால் அது பேதி இல்லை. புழு வடிவமே குலைந்து கூழாகிப் போனால்தான் பேதி.

இதெல்லாம் கண்ணில் படவேண்டுமானால் கூண்டின் அடியில் பழைய செய்தித்தாள்தான் சரி. மரத்தூளும், மக்காச்சோளச் சக்கைத் துகளும் போட்டுப் பார்த்துவிட்டேன். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எச்சம் உள்ளே புதைந்துவிடும். கடலோர ஈரக்காற்றில் நான்காம் நாள் அடியில் பூஞ்சை வாடை வந்தது. பறவையின் நுரையீரலுக்குப் பூஞ்சை ஆகவே ஆகாது. செய்தித்தாளுக்குக் காசும் இல்லை, தினமும் மாற்றலாம். எடுக்கும்போது தண்ணீர் தெளித்துவிட்டுச் சுருட்டுங்கள், காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். அந்தத் தூசி வழியாகக் கிளிக் காய்ச்சல் மனிதர்களுக்கும் வரும்.

அக்டோபர் கடைசியில், ஆறு மாதம் கடந்த சமயம், இறகு உதிர ஆரம்பித்தது. முதலில் மெத்தென்ற குட்டி இறகுகள், அப்புறம் சிறகின் நீள இறகுகள். இடது பக்கம் ஒன்று விழுந்தால் ஓரிரு நாளில் வலது பக்கம் அதற்கு ஜோடி விழும். பறக்கும்போது ஒருபக்கம் சாயாமல் இருக்க இயற்கை போட்ட கணக்கு. எதிர் வீட்டுப் பையன் ஜோடி சேர்த்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். உடம்பில் சொட்டையாக இடம் தெரிந்தால் அது இறகு உதிர்வு இல்லை, வேறு ஏதோ. தானே பிடுங்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புது இறகு ஒரு மெல்லிய உறைக்குள் ஊசி மாதிரி முளைக்கும். தலை முழுக்க முள். குணமும் அப்போது முள்தான். தொட்டால் சீறும், பகலில் தூங்கும், கூப்பிட்டால் முதுகைக் காட்டும். உறை காய்ந்து வெள்ளையானதும் தலையில் உள்ளதை மட்டும் பறவையால் தானே கொத்தி எடுக்க முடியாது, விரல் நகத்தால் மெதுவாக உருட்டி உடைத்துவிட்டால் கண்ணை மூடிச் சொக்கிப்போகும். உறை இன்னும் நீலமாக இருந்தால் தொடக் கூடாது, உள்ளே ரத்தம் ஓடுகிறது. காக்டெயிலுக்கு உடம்பிலேயே பவுடராக உதிரும் இறகுகள் உண்டு. ஃபேன் இறக்கை, டிவி, என் லேப்டாப் எல்லாம் வெள்ளைப் பொடி. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்தப் பறவை வேண்டாம் என்றே சொல்வேன்.

ரத்த இறகு என்றால் என்ன என்று ஃபெஞ்சல் புயல்தான் கற்றுக்கொடுத்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. காற்று ஜன்னலை அடிக்கிற அடியில் கூண்டுக்குள் படபடவென்று ஒரே சத்தம். காக்டெயில் இருட்டில் மிரண்டால் திசை தெரியாமல் கம்பிகளில் மோதும். மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பியெல்லாம் ரத்தத் துளி. முளைத்துக்கொண்டிருந்த சிறகிறகு ஒன்று நடுவில் உடைந்திருந்தது. துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அத்தை அடுப்படியிலிருந்து சோள மாவு எடுத்து வந்து காயத்தில் வைத்து அழுத்தினார். ஐந்து நிமிடத்தில் நின்றது. நிற்காமல் போயிருந்தால் அந்த மழையில் எங்கே போயிருப்போம் என்று தெரியவில்லை, அந்த நினைப்பு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் காலை காகிதத்தில் மொத்தம் ஏழெட்டு எச்சம், நூல் மாதிரி மெலிந்து, கரும்பச்சையாக. கீரை எதுவும் கொடுக்கவில்லை. தின்னாத பறவையின் எச்சம் அது, வெறும் பித்தம். பீட்ரூட் சிவப்புக்கு ஓடிய நான், உண்மையில் பயப்பட வேண்டிய இந்தப் பச்சையை முதலில் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். "இது வழக்கமா போடுறது மாதிரி இல்லம்மா" என்று அத்தை சொன்ன பிறகு சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 84 கிராம் இருந்தது 79 ஆகியிருந்தது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டோரம் வைத்து, தினைக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மதியத்துக்கு மேல் கொத்த ஆரம்பித்தது. பறவைக்கு உடல்நிலை சரியில்லை என்றால் வெளியே காட்டிக்கொள்ளாது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பார்வைக்கு நலமாக இருந்தாலும், மருத்துவரிடம் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை எடை, தினமும் இரவில் இன்வெர்ட்டரில் எரியும் ஒரு குட்டி விளக்கு.

தீனியில் பெரிய மாற்றம் செய்யவில்லை. இறகு முழுக்கப் புரதம் என்பதால் உதிரும் காலத்தில் வாரம் மூன்று நாள் வேகவைத்த முட்டைத் துணுக்கு, முளைகட்டிய கம்பு, பயறு. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. அத்தை சில்வர் பீச்சில் கரையொதுங்கியதைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் நாலு நாள் ஊறவைத்து, உப்பு போனதும் வெயிலில் காயவைத்துத் தருவார். கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் அதுவே கிடைக்கும்.

மார்ச் மாதம் புது இறகெல்லாம் வந்து முடிந்தபோது முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. வாலின் அடியில் இருந்த கோடுகளையும் காணோம். சாம்பல் நிறக் காக்டெயிலில் குஞ்சாக இருக்கும்வரை எல்லாமே பெண் ஜாடைதான், முதல் இறகு உதிர்வுக்குப் பிறகுதான் ஆண் தனியாகத் தெரியும். அதுவரை செல்லி என்று கூப்பிட்டதை அத்தை ஒரே நாளில் செல்லப்பன் ஆக்கிவிட்டார்.

சரி, எச்சத்தை ஒரே இடத்தில் போட வைக்கும் பயிற்சி. எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் செய்தது எல்லாம் வீண். எச்சம் போட்ட பிறகு ஓடிப்போய்க் கூண்டில் விட்டேன். விளையாட்டு முடிந்தது என்று மட்டும்தான் அதற்குப் புரிந்தது. அதட்டியும் பார்த்தேன். பறவைக்குத் தண்டனை புரியாது, என்னைக் கண்டு விலகியதுதான் மிச்சம்.

அத்தையிடம்தான் அது படிந்தது. நாள் முழுக்க அவர் மடியிலும் தோளிலும்தான் இருக்கும், பூ கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். போடுவதற்கு முன்னால் செல்லப்பன் சட்டென்று பேச்சை நிறுத்தும், இரண்டு அடி பின்னால் வைக்கும், உட்காருவது போலக் குனிந்து வாலைத் தூக்கும். மொத்தமே மூன்று வினாடி. அதற்குள் அத்தை பழைய பிளாஸ்டிக் முறத்தில் செய்தித்தாள் விரித்து, அதன் விளிம்பில் உட்காரவைத்து, கைக்குழந்தையைக் கேட்பது போல "ஆச்சா?" என்பார். விழுந்ததும் "சமத்து" என்று ஒரு தினை மணி. சாடை தவறினாலும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முறம்தான். காலையில் கூண்டைத் திறந்ததும் நேராக முறத்துக்கு. அந்தப் பெரிய முதல் எச்சம் விழுந்த பிறகுதான் வீட்டுக்குள் உலாவ அனுமதி. மூன்று வாரத்தில் முறத்தைக் கண்டதும் தானே பின்னால் நகர ஆரம்பித்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் "ஆச்சா? ஆச்சா?" என்று அதுவே கேட்கிறது. வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் சங்கடம்.

நேர்மையாகச் சொன்னால் பத்துக்கு ஏழு முறைதான் சரியாக விழுகிறது. பயந்தாலும், உற்சாகத்தில் பறந்தாலும், குளித்தாலும் விழுந்த இடம்தான். இறகு உதிரும் வாரங்களில் கற்றதெல்லாம் மறந்த மாதிரி இருக்கும், அப்போது நாங்கள் விட்டுப்பிடிக்கிறோம். கனூர் வகைகள் இதில் காக்டெயிலைவிடக் கெட்டி என்று வளர்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு ஆபத்தையும் நேரில் பார்த்தோம். மே மாதம் ஒரு சாயங்காலம் முறத்தைக் கழுவி மாடியில் காயப்போட்டிருந்தோம். செல்லப்பன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோளில் இங்கும் அங்கும் நெளிந்துகொண்டே இருந்தது, போடவே இல்லை. முறம் இல்லாமல், "ஆச்சா" கேட்காமல் போடக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறது! அப்படியே பழகினால் ஆசனவாய் வெளியே பிதுங்கிவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். மறுநாளிலிருந்து இடத்தை மூன்றாக்கினோம்: முறம், ஜன்னல் கிளை, கூண்டு. சொல்லிலும் கறாரைக் குறைத்துவிட்டோம். கூண்டுக்குள் எப்போது போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தரையில் ஒன்றிரண்டு விழுந்தால் ஈரத்துணி இருக்கிறது.

பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்களுக்கு இந்தப் பயிற்சி சரிப்படாது, கூண்டு நன்றாக இருந்தால் போதும், பயிற்சி இல்லாமலும் பறவை நலமாக இருக்கும். எங்களுக்கு இதுவரை முட்டை, தினை, மருத்துவர், இரவு விளக்கு எல்லாம் சேர்த்துப் பறவையின் விலையைவிட அதிகம் ஆகிவிட்டது. பூஜை அறைப் பக்கம் இரண்டு முறை விழுந்திருக்கிறது. இரண்டையும் துடைத்தவர் அத்தை. என்னிடம் சொல்லவில்லை, வேலைக்கார அக்கா சொல்லித்தான் தெரியும். இப்போது இரண்டாவது இறகு உதிர்வு நடக்கிறது, தலையெல்லாம் முள். முறத்தின் ஓரத்தைக் கடித்துக் குதறிவிட்டது, சந்தையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், இது மூன்றாவது.