அலஸ்தோட்டத்து வீடும் மத்திய வீதி மேல்மாடியும்

திருகோணமலை டவுனுக்கு வெளியே, நிலாவெளி வீதியில் உள்ள அலஸ்தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தோம். இப்போது டவுனுக்குள், மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் பதினான்கு மாதமாக இருக்கிறோம். இரண்டும் வாடகை வீடு. நான் தாதி, மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இரவு டியூட்டி, அதனால் பகலில் தூங்க வேண்டியவள். கூட இருப்பது அம்மா. வயது 71, முழங்கால் வருத்தமும் சீனி வருத்தமும் உண்டு. எனக்குச் சத்தம் ஆகாது, அம்மாவுக்குத் தூரம் ஆகாது. திருகோணமலையில் வீடு தேடும்போது இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அலஸ்தோட்டத்து வீட்டைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. பெரிய வளவு, இரண்டு மாமரம், கிணறு, ஐந்து நிமிஷ நடையில் கடற்கரை. வாடகை 28,000. டியூட்டி முடிந்து வந்து காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் காகமும் அணிலும்தான் கேட்கும். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு அறைக்குள் பார்த்தேன். நாற்பது டெசிபெலைச் சுற்றியே நின்றது. கைப்பேசி அளவு துல்லியமாக இராது, ஆனால் இரண்டு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. மாநகர, நகர சபை எல்லைக்குள் அது 63, 50. பத்து டெசிபெல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே டவுனுக்குக் குடிவருகிறவர் கூடுதல் சத்தத்துக்குச் சட்டப்படியே சம்மதித்துத்தான் வருகிறார்.

ஆனால் அலஸ்தோட்டத்து அமைதி வருஷம் முழுக்க நிற்கவில்லை. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் சீசன். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருந்த ஒரு விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் பாட்டு பன்னிரண்டு மணி தாண்டியும் போகும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. போய்ச் சொன்னேன், இரண்டு கிழமை குறைத்தார்கள், அப்புறம் பழையபடிதான். நிசப்தமான இடத்தில் திடீரென்று எழும்புகிற சத்தம் டவுனின் ஓயாத இரைச்சலைவிட மோசமாக என்னை எழுப்பியது. ஒரு நாய் குரைத்தால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டு எழும்புவேன்.

இதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன். தாங்க முடியாமல் போனது அம்மா வீட்டுக்குள் அடைந்துபோனதுதான். நிலாவெளி வீதியில் எங்கள் பக்கம் நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்தில் மணல், அதற்கப்பால் பற்றை. புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ்கள் வருகிற வேகத்தில் அம்மா ஒருமுறை சேலையைப் பிடித்துக்கொண்டு மதிலோடு ஒட்டி நின்றுவிட்டார். அதற்குப் பிறகு தனியே கேற்றைத் தாண்டவில்லை. கோயில், கிளினிக், மருந்துக்கடை எதுவானாலும் ஓட்டோ. டவுன் நாலைந்து கிலோமீற்றர்தான், ஆனால் போய் வர ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆகிவிடும். காசை மிச்சம் பிடிக்க “நாளைக்குப் போவம் பிள்ளை” என்று தள்ளிப்போடுவார். மாதத்தில் மூன்று தடவை வெளியே போயிருந்தால் அதிசயம். நடக்காமல் இருந்ததில் முழங்கால் இன்னும் இறுகியது. கடற்கரை ஐந்து நிமிஷம் என்றேனே, மணலில் கால் புதையும் என்று அங்கேயும் அவர் வரவில்லை.

இப்போதைய மேல்மாடிக்கு வாடகை 36,000. கூடுதலாகக் கொடுக்கிற எட்டாயிரத்தில் ஒரு பகுதி ஓட்டோக் காசிலேயே மிஞ்சிவிடுகிறது. முதல் கிழமை நான் அழாத குறை. ஐந்து மணிக்கு முன்பே பாங்கு, அதைத் தொடர்ந்து கோயில் மணி, ஆறரைக்கு வீதி வீதியாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டு, எட்டரைக்கு எதிர்க்கடையின் இரும்பு ஷட்டர், பத்து மணிக்கு ஒலிபெருக்கியோடு வரும் லொத்தர் சீட்டு வண்டி. முன்னறையில் பகலில் அளந்தால் 60, 65; மோட்டார்சைக்கிள் போனால் 75. பாங்குக்கும் மணிக்கும் இரண்டு கிழமையில் பழகிவிட்டேன், நேரம் தெரிந்த சத்தம் என்பதாலோ என்னவோ. லொத்தர் வண்டிக்கு இன்றுவரை பழகவில்லை.

தடித்த திரைச்சீலை வாங்கினேன். வெளிச்சத்தை மறைத்தது, சத்தத்தைத் துளிகூட நிறுத்தவில்லை. யன்னலைப் பூட்டினால் குறையும், ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றடிக்கிற மாதங்களில் பூட்டிய அறை அடுப்புப் போல இருக்கும். கடைசியில் உதவியது அறையை மாற்றியதுதான். குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறை பின்வீட்டுக் கிணற்றடியைப் பார்த்திருக்கிறது. அதற்கும் வீதிக்கும் இடையில் இரண்டு சுவர். அங்கே 45க்கும் 50க்கும் இடையில்தான் காட்டுகிறது. மேசை விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டால் அதன் ஒரே சீரான இரைச்சல் திடீர்ச் சத்தங்களை அமுக்கிவிடுகிறது. இப்போது ஐந்து மணித்தியாலம் ஒரே மூச்சில் தூங்குகிறேன்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு என் நடையில் எட்டு நிமிஷம், அவருக்குப் பதினைந்து. செவ்வாய், வெள்ளி தவறாது. மருந்துக்கடை, சந்தை, பஸ் நிலையம் எல்லாம் அதே வட்டத்துக்குள். மரக்கறிக்காரரோடு அகத்திக்கீரைக் கட்டு விலையில் தர்க்கப்பட்டுவிட்டு வந்து எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். டியூட்டி இல்லாத பின்னேரங்களில் இரண்டு பேரும் டச்சுக்குடாக் கரையோடு நடந்து பிரட்ரிக் கோட்டை வாசல் வரை போவோம். மான்கள் கிட்டவே வந்து நிற்கும். போன மாதம் கோட்டைக்குள் ஏறி, இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறி, கோணேசர் கோயில் வரை நடந்தே வந்தார். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டவுன் நடை சுகமென்று சொல்லமாட்டேன். சில இடத்தில் வாய்க்கால் மூடி உடைந்து கிடக்கிறது, கடைச் சாமான்கள் நடைபாதைக்கு வந்துவிடுகின்றன, பதினொரு மணிக்குப் பிறகு நிழலே இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் மூலைகளை அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறார். இந்த வீட்டின் பெரிய குறை படிக்கட்டு: பதினேழு படி, செங்குத்து, பிடிக்க ஒன்றும் இல்லை. முழங்கால் வருத்தக்காரருக்கு நடைதூரத்தை அளக்கிறவர்கள் முதலில் படியை எண்ண வேண்டும். அதை நான் செய்யவில்லை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிறு பின்னேரம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கிழமை நாளில் விடிய ஐந்து மணிக்கு ஒருமுறை, இரவு பத்துக்கு ஒருமுறை அந்த வாசலில் நின்று கேளுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கமென்றால் சீசனில் போய்ப் பாருங்கள். வீதியைப் பாராத ஓர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். வயதானவர் இருந்தால் அவரையே கூட்டிப்போய்ப் பக்கத்துக் கடை வரை நடக்கவிட்டுப் பாருங்கள். சொந்த வாகனமும் திடமான காலும் உள்ள குடும்பத்துக்கு அலஸ்தோட்டத்து வீட்டை இன்றும் சிபாரிசு செய்வேன். அந்த மாமர நிழல் டவுனில் கிடைக்காது.

நான் அடுத்த வருஷத்துக்கும் இங்கேயே கையெழுத்து வைத்துவிட்டேன். படிக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தரும்படி வீட்டுக்கார அக்காவிடம் கேட்டிருக்கிறேன். மாத முடிவுக்குள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.